குளிர்காலம் முடிந்து வெளியே எடுத்த சம்மர் டயர்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

டொரண்டோவில் ஏப்ரல் வந்ததும் கராஜிலும் பேஸ்மெண்டிலும் அடுக்கி வைத்த சம்மர் டயர்கள் வெளியே வரும். மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், பைரெல்லி பி ஜீரோ மாதிரி வேகக் கார்களுக்கென்றே செய்த டயர்கள் என்றால் கூடவே ஒரு கவலையும் வரும். நிறம் மாறியிருக்கிறது, காற்று இறங்கியிருக்கிறது, மாட்டி ஓட்டினால் ஸ்டீயரிங் உதறுகிறது. இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம், சில பிரச்சினையே இல்லை. டயரை நிஜமாகவே கொல்லும் சேதமோ ட்ரெட் (சாலையைத் தொடும் பகுதி) பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும், தேடினால்தான் கண்ணில் படும். பழுப்பு நிறத்தைப் பார்த்துப் பயந்து நல்ல டயரைத் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு, விரிசல் விட்ட டயரைப் பளபளவென்று துடைத்து மாட்டிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகையை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எதையும் தொடும் முன்: எவ்வளவு குளிரில் கிடந்தது?

சம்மர் டயரின் ரப்பர் கலவை வெயில் காலச் சாலைக்கானது. வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனாலே அது விறைத்துப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். இன்னும் இறங்கி மைனஸ் 7 அளவுக்குப் போய்விட்டால் நெகிழும் குணமே குறைந்துவிடும். அந்த நிலையில் வளைத்தால் ட்ரெட் கட்டைகளில் வெடிப்பு (விரிசல்) விழலாம், துண்டாகப் பெயரவும் செய்யலாம். குளிரில் அசையாமல் கிடப்பதைவிட, குளிர் உடம்போடு வளைவதுதான் அதற்குப் பெரிய ஆபத்து.

வளைவது என்றால் ஓட்டுவது மட்டும் இல்லை. காற்றடிப்பது, ரிம்மில் ஏற்றுவது, இறக்குவது, லாரியிலிருந்து தரையில் போடுவது எல்லாமே வளைப்புதான். டயர்த் தொழிலில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: மைனஸ் 7 அல்லது அதற்கும் கீழான குளிரில் இருந்த சம்மர் டயரைக் குறைந்தது 5 டிகிரி உள்ள இடத்தில் 24 மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். தானாக மெதுவாகச் சூடேறிய பிறகுதான் காற்றடிக்கவோ மாட்டவோ வேண்டும். ஹீட்டரை முன்னால் வைத்து அவசரமாகச் சூடாக்குவது உதவாது. மேற்பரப்பு சுடும், உள்ளே குளிர் அப்படியே இருக்கும்.

மார்ச் மாதம்தான் ஏமாற்றும். பகலில் வெயில் அடித்து 10 டிகிரி காட்டும், முந்தைய இரவு மைனஸ் 8 ஆக இருந்திருக்கும். தனியாக நிற்கும் கராஜின் இருட்டு மூலையில் சிமெண்ட் தரைமேல் கிடந்த டயருக்கு அந்த வெயில் போய்ச் சேர்ந்திருக்காது. அவசரம் என்றால் முந்தின நாளே வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். கராஜ் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பதியும் சாதாரண வெப்பமானி ஒன்றை அங்கே மாட்டி வைத்தால் போதும். வீட்டோடு ஒட்டிய கராஜும் தனிக் கராஜும் ஒரே இரவில் எவ்வளவு வேறுபடும் என்பதை அது காட்டிவிடும்.

சரி, இனி அறிகுறிகள்.

வெடிப்பு தெரிகிறது

முதலில் எங்கே என்று பாருங்கள். இடத்தை வைத்தே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு ட்ரெட் பள்ளத்தின் அடியைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தி விரித்தால் மூடியிருக்கும் வெடிப்பும் வாய் திறக்கும். தோள்பட்டைப் பகுதியில், அதாவது ட்ரெட் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், கட்டைகளின் ஓரங்களை விரலால் வருடிப் பாருங்கள். பிளேடால் கீறியதுபோல நேராக, சுத்தமாக, ஆழமாக ஒரு கோடு ஓடினால் அது குளிரில் வளைந்த வெடிப்பாகவே பெரும்பாலும் இருக்கும். ஒரு மூலை துண்டாகப் பெயர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த டயரின் கதை முடிந்தது. ஒட்டுப்போட வழியில்லை, பசை எதுவும் தாங்காது. சம்மர் டயரைக் குளிரில் பயன்படுத்தி வந்த வெடிப்பைத் தயாரிப்பாளர்கள் பொதுவாக வாரண்டியில் சேர்ப்பதும் இல்லை. ட்ரெட் புத்தம்புதிதாக இருக்கிறதே என்று மனசு கேட்காதுதான். ஆனால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடத் தகுதி பெற்ற டயரில், வெயில் காலச் சூட்டோடு அந்தக் கோடு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பக்கச்சுவரில் மெல்லிய வலைபோலப் பொடி வெடிப்புகள் இருந்தால் அது வேறு நோய். காற்றில் இருக்கும் ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரைத் தாக்குவதால் வருவது. டயர் வைத்திருந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்வை பாருங்கள். ஃபர்னஸ், சம்ப் பம்ப், பேட்டரி சார்ஜர், வெல்டிங் மெஷின், கார்பன் பிரஷ் உள்ள பழைய மோட்டார் எதுவானாலும் ஓசோனுக்கு வழி செய்யலாம். பேஸ்மெண்டில் ஃபர்னஸ் அறைதான் காலியாக இருக்கிறது என்று அங்கேயே அடுக்கிவிடுவது இங்கே நிறைய வீடுகளில் பழக்கம். இடத்தில் கதகதப்பு இருக்கிறது, ஆனால் டயருக்கு அது நல்ல இடம் இல்லை.

பொடி வெடிப்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் மேற்பரப்போடு நிற்கிறது, கவனித்துக்கொண்டு ஓட்டலாம். நகம் மாட்டினாலோ, உள்ளே நூல் இழை தெரிந்தாலோ மாற்ற வேண்டும். கூடவே வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்வரிசையின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அது ஒரு பக்கத்தில் மட்டும் முழுதாக இருக்கலாம், அதனால் உள்பக்கமும் குனிந்து பார்க்க வேண்டும். பயன்பாட்டுக்கு வந்து ஐந்து ஆண்டு ஆன டயரை வருடம் ஒருமுறை தேர்ந்தவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வதும், தயாரித்துப் பத்து ஆண்டு ஆனதை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றச் சொல்வதும் மிச்செலினின் அறிவுரை. வேகக் காருக்கு நான் இன்னும் கறாராகவே இருப்பேன்.

வெடிப்பு மாதிரி இருந்து வெடிப்பு இல்லாதவையும் உண்டு. அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் டயரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது பிறவிக் கோடு. காற்றடித்த டயரின் பக்கச்சுவரில் ரிம்மிலிருந்து வெளிப்பக்கமாக லேசான குழி ஒன்று தெரியலாம். உள்ளே துணி அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் அது, பயப்பட வேண்டாம். குழிக்குப் பதிலாக வெளியே புடைத்திருந்தால் மட்டும் உடனே கழற்ற வேண்டும். உள்ளே இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பக்கச்சுவர் பழுப்பாகிவிட்டது

சேதம் இல்லை. ஓசோனிலிருந்து காக்க ரப்பருக்குள் மெழுகும் 6பிபிடி என்ற வேதிப்பொருளும் கலந்திருப்பார்கள். அவை மெல்ல மேற்பரப்புக்கு ஏறி வந்து காற்றோடு வினைபுரிந்து பழுப்பாகத் தெரிகின்றன. காவல் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம் அது. சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பெட்ரோலிய அடிப்படையிலான பளபளப்புத் திரவம் வேண்டவே வேண்டாம். காவலாக வந்த மெழுகையே அது கரைத்து எடுத்துவிடும். அடுக்கி வைக்கப் போகும் நேரத்தில் அதைப் பூசுவது எல்லாவற்றிலும் மோசம்.

(இந்த 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து உருவாகும் பொருள்தான் அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். டயரைக் காக்கும் பொருளுக்கு இப்படி ஒரு மறுபக்கம். மாற்றுப் பொருளைத் தேடும் வேலை நடக்கிறது.)

காற்று இறங்கியிருக்கிறது

நாலையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தால் ஓட்டை இல்லை. வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறையும். 20 டிகிரியில் 36 பிஎஸ்ஐ வைத்த டயர், மைனஸ் 10-இல் 31 பக்கம் காட்டும், எங்கேயும் கசியாமலே. அதுபோக ரப்பர் வழியே மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாக வெளியேறுவதும் இயல்பு. சூடேறவிட்டு, கார்க் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்பினால் வேலை முடிந்தது.

ஒன்று மட்டும் தனியாகக் கீழே இருந்தால் கசிவு. சோப்புத் தண்ணீரை இந்த வரிசையில் ஊற்றுங்கள்: வால்வு முனை, வால்வின் அடி, டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு முழுதும், கடைசியாக ட்ரெட். வால்வு முனையில் குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் ஊசியை இறுக்கிப் பாருங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். அழுத்த சென்சார் உள்ள அலுமினிய வால்வுக்கு நிக்கல் பூசிய ஊசிதான் போட வேண்டும். சாதாரணப் பித்தளை ஊசி உப்பு நீர் பட்டு அலுமினியத்தோடு பிடித்துக்கொள்ளும், பிறகு திருகினால் வால்வே உடைந்து கையோடு வரும். பித்தளை மூடிக்கும் இதே கதிதான். பிளாஸ்டிக் மூடி போதும்.

விளிம்பில் பொடிக் குமிழ்கள் வரிசையாக வந்தால் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தில் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நவம்பரில் சாலையில் முதல் உப்புத் தூவிய பிறகும் சம்மர் டயரோடு ஓட்டிவிட்டு, கழுவாமல் அப்படியே அடுக்கியவர்களுக்கு இது வரும். கடையில் டயரை இறக்கி, அந்த வெள்ளைப் பூப்பைச் சுரண்டி, விளிம்புக்கான பூச்சு தடவி ஏற்ற வேண்டும். வெறுமனே காற்றை நிரப்பிக்கொண்டே இருந்தால் பூப்பு பரவும்.

முழுதாகக் காற்று போய்ப் பாரத்தின் கீழ் நசுங்கிக் கிடந்த டயர் என்றால் நிரப்பி ஓட்டாதீர்கள். இறக்கி உள்பக்கச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டினால் உதறுகிறது

ஏப்ரலில் அதிகமாகக் கேட்கும் புகார் இதுதான். பெரும்பாலானவர்கள் நேராக வீல் பேலன்சிங்குக்கு (சிறு எடைகளை ஒட்டிச் சக்கரத்தைச் சமன் செய்வது) போய்க் காசு கொடுக்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு.

முதல் 15, 20 கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டுங்கள். குறைந்த வேகத்திலேயே தட், தட் என்று ஒரு தாளத்தோடு அடித்து, டயர் சூடேறியதும் மறைந்துவிட்டால் அது தற்காலிகத் தட்டை. வேக டயர்களில் எஃகுப் பட்டைக்கு மேல் நைலான் அடுக்கு சுற்றியிருக்கும். வேகத்தில் டயர் விரியாமல் பிடிக்க அது தேவை. ஆனால் ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்று குளிர்ந்தால் அந்த நைலான் அதே வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். சூடானால் விட்டுவிடும். ரிம்மோடு கழற்றி அடுக்கிய டயரில் இது வருவது அரிது. காரோடு நின்ற டயரில்தான் வரும், குளிர்காலம் முழுவதும் குறைந்த காற்றோடு நின்றிருந்தால் நிரந்தரமாகவும் ஆகலாம்.

இங்கே ஒரு தவறான அறிவுரையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். காரையே குளிர்காலத்துக்கு மூடி வைப்பவர்களிடம், தட்டை விழாமல் இருக்க மாதம் ஒருமுறை காரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்துங்கள் என்று சொல்வார்கள். வெப்பமூட்டிய கராஜில் சரி. ஜனவரியில் மைனஸ் 15-இல் உறைந்து நிற்கும் சம்மர் டயரை அரை மீட்டர் உருட்டினால், தட்டையிலிருந்து காப்பாற்றப் போய் வெடிப்பை வாங்கிக் கொள்வீர்கள். தட்டை ஓரளவு திரும்பும், வெடிப்பு திரும்பாது. குளிர் கராஜ் என்றால் காரை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துங்கள். அல்லது டிசம்பருக்கு முன்பே, டயர் இன்னும் நெகிழ்வாக இருக்கும்போது, பக்கச்சுவரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டாமல் காற்றைக் கூட்டி வைத்துவிட்டு, வசந்தம் வரும்வரை தொடாமல் விடுங்கள்.

20 கிலோமீட்டருக்குப் பிறகும் உதறல் போகவில்லையா? அடுத்து மாட்டிய விதத்தைப் பாருங்கள். குளிர்காலம் முழுக்க உப்பு குடித்த ஹப்பின் (ரிம் வந்து பொருந்தும் உலோகப் பகுதி) முகத்தில் துரு தடித்திருக்கும். அதன்மேல் சம்மர் ரிம்மை வைத்தால் காகிதத் தடிமன் அளவு சாய்ந்தாலும் போதும், ஸ்டீயரிங்கில் தெரியும். கழற்றி, கம்பி பிரஷால் ஹப் முகத்தையும் ரிம்மின் பின்பக்கத்தையும் உலோகம் தெரியத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். சந்தையில் தனியாக வாங்கிய ரிம் என்றால் நடுத்துளைக்கும் ஹப்புக்கும் இடையில் ஒரு வளையம் வேண்டியிருக்கும். அது வின்டர் ரிம்மோடு போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் தரையைத் தொடாத நிலையில் நட்சத்திர வரிசையில் கையால் இறுக்கி, இறக்கிய பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடிக்க வேண்டும். நட்டின் மரையில் கிரீஸ் வேண்டாம். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். ஹப்பில் துரு மிச்சம் இருந்தால் அது நசுங்கி நட்டு தளரலாம்.

அதற்கும் போகவில்லை, 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் வருகிறது என்றால் பேலன்சிங். ரிம்மின் உள்பக்கத்தில் சுற்றிலும் அழுக்கும் நடுவில் மட்டும் செவ்வகமாகச் சுத்தமான தடமும் தெரிந்தால், ஒட்டியிருந்த எடை அங்கிருந்து விழுந்துவிட்டது. அடுக்கும் முன் பிரஷர் வாஷரால் கழுவும்போது இப்படி விழுவது சகஜம். ஸ்டீயரிங் நடுங்கினால் முன்சக்கரம், சீட் நடுங்கினால் பின்சக்கரம் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது ஓசை மாறியிருக்கிறது

இடம் மாறியிருக்கும். பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுழல வேண்டும். உள், வெளி என்று எழுதிய டயரில் வெளி என்ற சொல் வெளியே தெரிய வேண்டும். பின்பக்கம் அகலமான டயர் வரும் கார்களில் அளவைப் படித்துவிட்டு மாட்டுங்கள். கழற்றும்போதே முன் இடது, பின் வலது என்று சாக்பீசால் எழுதி வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

டயர் அழுத்த விளக்கு எரிகிறது

சக்கரம் சுற்றாதபோது சென்சார் தூங்கும். பத்து, இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். சில கார்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்துவைக்க வேண்டும். விளக்கு நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு. ஒரு நிமிடத்துக்கு மேல் கண் சிமிட்டிவிட்டு நிலைத்தால் சென்சார் பதில் தரவில்லை. ஐந்து முதல் பத்து ஆண்டில் அதன் பேட்டரி தீரும், பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. டயர் மாற்றும்போதே சென்சாரையும் மாற்றிவிடுவது கூலியை மிச்சப்படுத்தும்.

பிடிப்பே இல்லை, வழுக்குகிறது

காலை வெப்பநிலையைப் பாருங்கள். 2 டிகிரியில் கிளம்பினால் எந்தச் சம்மர் டயரும் வழுக்கும், அது பழுது இல்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். அந்தத் தேதி முடிந்த மறுநாளே சம்மருக்கு மாறலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. காலையும் 7 டிகிரிக்கு மேல் நிற்கும்வரை பொறுங்கள்.

பையைத் திறந்தால் ரிம்மில் வெள்ளைப் பூப்பு, ஈரம்

காயும் முன்பே பையில் போட்டிருக்கிறீர்கள். பை நல்லதுதான், ஒளி புகாத கறுப்புப் பையில் காற்றைப் பிழிந்து வெளியேற்றிக் கட்டினால் ஓசோனும் வெயிலும் அண்டாது, பேஸ்மெண்டில் ரப்பர் வாடையும் வராது. ஆனால் பிரேக் தூசியைக் கழுவி, ட்ரெட்டில் சிக்கிய கல்லை எடுத்து, ஒரு நாள் முழுதாகக் காயவிட்ட பிறகுதான் கட்ட வேண்டும்.

அடுத்த முறை எங்கே வைப்பது

ஃபர்னசுக்கு எட்டாத பேஸ்மெண்ட் மூலைதான் என் முதல் தேர்வு. ரிம்மோடு இருந்தால் படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். ரிம் இல்லாவிட்டால் நிற்க வைத்து, மாதம் ஒருமுறை கொஞ்சம் திருப்பி விடலாம். வீட்டுக்குள் கதகதப்பாக இருப்பதால் அதில் ஆபத்தில்லை. காண்டோ பால்கனி வேண்டாம். வெயிலும் உண்டு, மைனஸ் 20-உம் உண்டு, பல கட்டடங்களில் அதற்கு அனுமதியும் இல்லை.

கடையில் வாடகைக்கு வைக்கிறீர்கள் என்றால், கட்டணத்தைக் கேட்கும் முன் டயர் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். பல இடங்களில் பின்புறம் நிற்கும் இரும்புக் கன்டெய்னர்தான் கிடங்கு. வெளியே எவ்வளவு குளிரோ உள்ளேயும் அவ்வளவு. வின்டர் டயருக்கும் ஆல் சீசன் டயருக்கும் அது போதும். சம்மர் டயருக்கு வெப்பமூட்டிய கிடங்கு வேண்டும் என்று சொல்லி ரசீதில் எழுதி வாங்குங்கள். கன்டெய்னரிலிருந்து எடுத்த டயரை அன்று காலையிலேயே மாட்டுவார்களா, ஒரு நாள் உள்ளே வைத்துவிட்டு மாட்டுவார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. நாலு டயரின் டாட் எண்களையும் அதே ரசீதில் குறித்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் உங்கள் டயர்தான் திரும்பி வந்ததா என்று பார்க்க அது போதும்.